சீனாவில் நூடுல்ஸ் கடை: முதல் கிண்ணம் வாங்குவது எப்படி?

சீனாவில் எந்த நகரத்தில் போய் இறங்கினாலும், நடக்கிற தூரத்தில் லான்ஜோ என்ற ஊரின் பெயர் கொண்ட, கையால் இழுத்த நூடுல்ஸ் கடை ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். ஏழெட்டு மேசை, வாசல் கண்ணாடியில் ஆவி, உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மாவைப் பலகையில் அடித்து அடித்து இழுத்துக்கொண்டிருப்பார். இந்த நாட்டில் வெளியே சாப்பிடப் பழக நினைப்பவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. விலை குறைவு, பன்றி இறைச்சி கிடையாது. அதைவிட முக்கியம், எந்த ஊர்க் கடையானாலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்படிச் சொல்கிற நானே முதல் ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. சுவர் முழுக்கச் சீன எழுத்தில் நாற்பது ஐம்பது வரிகள். படிக்கத் தெரியாமல் எப்படிப் போய் நிற்பது என்ற கூச்சம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோதுதான் கவனித்தேன்: உள்ளே வந்தவர்களில் ஒருத்தர்கூட அந்தப் பட்டியலை அண்ணாந்து பார்க்கவில்லை. கல்லாவில் இரண்டு சொல், சமையல் ஜன்னலில் இரண்டு சொல், முடிந்தது. எந்தக் கிண்ணம், நூடுல்ஸ் எவ்வளவு அகலம், காரம் எவ்வளவு. இந்த மூன்றையும் வாசலுக்கு வெளியிலேயே முடிவு செய்துகொண்டு போனால், மொழி தெரியாதது பெரிய தடையாக இருக்காது.

போவதற்கு முன்

முதலில் பணம். இந்த மாதிரிக் கடைகளில் அட்டையைத் தேய்க்கிற இயந்திரத்தை எதிர்பார்க்காதீர்கள். பணம் செலுத்தப் பயன்படும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டில் ஒன்று போனில் இருக்க வேண்டும். 2023-க்குப் பிறகு இரண்டிலுமே வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைப்பது எளிதாகிவிட்டது. சீன வங்கிக் கணக்கு வேண்டியதில்லை. பாஸ்போர்ட் விவரம் கேட்கும், குறுஞ்செய்தியில் எண் வரும். அதனால் விமானம் ஏறும் முன்பே வீட்டில் நிதானமாக உட்கார்ந்து முடித்துவிடுங்கள். வெளிநாட்டு அட்டை என்றால் ஒரு தடவைக்கு 200 யுவான் வரை இந்தச் செயலிகள் கட்டணம் பிடிப்பதில்லை, அதற்கு மேல் போனால்தான் 3 சதவீதம். ஒரு கிண்ண நூடுல்ஸ் பெரும்பாலும் 10 முதல் 25 யுவானுக்குள் இருக்கும், எனவே அந்தக் கவலை வேண்டாம். உங்கள் வங்கி தன் பங்குக்கு எதையாவது பிடிக்குமா என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரொக்கத்தைக் கடைக்காரர் மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி. விதி இருக்கிறது, சில்லறை இருக்க வேண்டுமே! 100 யுவான் நோட்டை நீட்டினால் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள். 10, 20 யுவான் நோட்டுகளாகக் கொஞ்சம் பையில் வைத்திருப்பது, போனில் சார்ஜ் தீர்ந்த நாளுக்கு உதவும்.

நேரமும் முக்கியம். மதியம் பன்னிரண்டு மணிக்கு முதல் தடவை போகாதீர்கள். அலுவலகக் கூட்டம் மொத்தமாக இறங்கும் நேரம் அது, வரிசையில் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவது முதுகில் உறைக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் கடை காலியாக இருக்கும், நீங்கள் தடுமாறினாலும் யாருக்கும் அவசரம் இருக்காது. லான்ஜோ நகரத்திலேயே சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே இது காலை உணவு, பல கடைகள் மதியத்தோடு அடுப்பை அணைத்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் சிரித்த முகம் ஒன்று ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் தரும் மதிப்பீடு: ஏ என்றால் பெரிய சிரிப்பு, பி என்றால் சின்னச் சிரிப்பு, சி என்றால் சிரிக்காத முகம். என்னைப் பொறுத்தவரை பி இருந்தால் தாராளமாக உட்காரலாம்.

கல்லாவில்

சில கடைகளில் மேசை மேலேயே கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கும். போனை நீட்டினால் படத்தோடு பட்டியல் வரும், அலிபேயிலோ வீசாட்டிலோ இருக்கும் மொழிபெயர்ப்பு வசதியை வைத்து ஒப்பேற்றிவிடலாம், வாயே திறக்க வேண்டாம். இல்லாவிட்டால் நேரே கல்லாவுக்குப் போங்கள். பொதுவாக முதலில் காசு, அப்புறம்தான் சாப்பாடு. காலி மேசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் அரை மணி நேரம் போய்விடும். அது அலட்சியம் இல்லை, அவர்கள் முறையே அப்படி.

சொல்ல வேண்டியது: "நியோ ழோ மியென்." மாட்டிறைச்சி நூடுல்ஸ். தட்டச்சுப் பிழை இல்லை, ழகரம் போட்டேதான் எழுதியிருக்கிறேன். சீனத்தில் அந்த இடத்தில் வரும் ஒலிக்கு நம் ழகரம் மிக நெருக்கம். பலருக்கும் வராத அந்த ஒலி, ழவை ஒழுங்காகச் சொல்லும் தமிழர்களுக்குச் சும்மாவே வந்துவிடும். வேறு எந்தச் சொல்லும் புரியாமல் விழிப்பார்கள், இது மட்டும் முதல் தடவையிலேயே புரியும்.

பெரிய கிண்ணம் "தா வான்", சின்னக் கிண்ணம் "ஷியாவ் வான்". சின்னது என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள், சின்னக் கிண்ணமே சாதாரணப் பசிக்குப் போதும். "தா பாவ்?" என்று கேள்வி வந்தால், பொட்டலம் கட்டவா என்று அர்த்தம். இழுத்த நூடுல்ஸைப் பொட்டலம் கட்டுவது பாவம். வீட்டுக்குப் போவதற்குள் சாறு முழுவதையும் குடித்து ஊதிக் கிடக்கும். தலையை ஆட்டி மறுத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எத்தனை கிண்ணம் என்பதை விரலில் காட்டலாம், ஆனால் ஐந்துக்கு மேல் கவனம். சீனர்கள் ஆறிலிருந்து பத்து வரை ஒரே கையில் காட்டுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் எட்டு. அதை இரண்டு என்று நினைத்துக்கொண்டு காட்டினால் எட்டுக் கிண்ணம் வந்து நிற்கும்!

காசு கொடுத்ததும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு சமையல் ஜன்னலுக்குப் போக வேண்டும். சில கடைகளில் சீட்டே இல்லாமல் கல்லாவிலிருந்து உள்ளே கத்திவிடுவார்கள்.

ஜன்னலில்: அகலத்தைச் சொல்லுங்கள்

இந்தக் கடையின் ருசியே இங்கேதான். சீட்டை நீட்டியதும் மாவு இழுப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். எந்த அகலம் என்று கேட்கிறார். ஒன்றும் சொல்லாவிட்டால் தன் கைக்கு வந்ததைப் போட்டுக் கொடுப்பார், அதிலும் குறையில்லை. ஆனால் ஒரே மாவு, ஒரே சாறு, அகலம் மாறினால் வேறு சாப்பாடு ஆகிவிடும்.

மிகச் சன்னமானது "மாவ் ஸி". தலைமுடி அளவுக்கு மெல்லிசு என்று பெயரே சொல்கிறது. பார்க்க அழகு, ஆனால் மூன்று நிமிடத்தில் சாறை உறிஞ்சிக் குழைந்துவிடும். போனை எடுத்துப் படம் பிடிப்பவர்களுக்கு உகந்ததல்ல. அதற்கு அடுத்தது வெறும் "ஸி", சன்னம். அதற்கும் அடுத்தது "அர் ஸி", இரண்டாம் சன்னம், கொஞ்சம் உருண்டு பல்லுக்குப் பிடி கொடுக்கும். பிறகு தட்டை வகைகள்: பூண்டுப்புல் இலை அகலத்தில் "ஜியோ யே", அதைவிட அகலமாக "குவான்", இடுப்பு வார் மாதிரி "தா குவான்". முக்கோணக் குறுக்குவெட்டில் "சியாவ் மாய் லெங்" என்று ஒன்றும் உண்டு. அது எல்லாக் கடையிலும் வராது. வருகிற கடை என்றால் இழுப்பவர் கைகாரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவைக்கு "அர் ஸி" சொல்லுங்கள். குச்சியில் நன்றாகப் பிடிபடும், சீக்கிரம் குழையாது. "தா குவான்" மட்டும் வேண்டாம். குச்சி பழகாத கையிலிருந்து வழுக்கி, சாற்றில் தொப்பென்று விழுந்து, சட்டையெல்லாம் மிளகாய் எண்ணெய். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன ஒரு நாளில் தெரிந்துகொண்டேன்.

சொல்லிவிட்டு உடனே மேசைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று பாருங்கள், காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய வித்தை. மாவை நீளமாக இழுத்து, இரண்டாக மடித்து, மறுபடி இழுக்கிறார். ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிக்கிறது: இரண்டு, நான்கு, எட்டு. எட்டாவது மடிப்பில் 256 இழை. கத்தி கிடையாது, அச்சு கிடையாது. மாவு அறுந்துபோகாமல் இப்படி நீள்வதற்கு ஒரு காரணம் "பெங் ஹுய்" என்ற காரப்பொருள், அதாவது ஆல்கலி (மிளகாய்க் காரம் இல்லை). வறண்ட நிலத்துச் செடி ஒன்றை எரித்த சாம்பலிலிருந்து எடுத்தது. இப்போது சுத்திகரித்த பொடியாக வருகிறது. நூடுல்ஸின் இளமஞ்சள் நிறமும் லேசான ஒரு தனி வாசனையும் அதனால் வருவதுதான், மாவு கெட்டுப்போய்விட்டதோ என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம்.

கொதிநீரிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டுச் சாறை ஊற்றும்போது இரண்டாவது கேள்வி வரும்: "லா ஜியாவ்?" மிளகாய் வேண்டுமா? வேண்டுமென்றால் "யாவ்", வேண்டாமென்றால் "பூ யாவ்". பார்க்கக் கரண்டி நிறையச் செக்கச்செவேல் என்று இருந்தாலும், லான்ஜோ மிளகாய் எண்ணெயில் காரத்தைவிட மணம்தான் அதிகம், பயப்படாமல் வாங்குங்கள். கொத்தமல்லி பிடிக்காதவர்கள் அதைத் தூவுவதற்கு முன்பே "பூ யாவ் ஷியாங் ட்ஸாய்" என்று சொல்லிவிட வேண்டும். கை அவ்வளவு வேகம், ஒரு நொடி தாமதித்தாலும் விழுந்துவிடும்.

சரியான கிண்ணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு லான்ஜோக்காரர்களிடம் ஒரு வரிசை உண்டு. ஒன்று, தெளிவு: மாட்டெலும்புச் சாறு அடி தெரிய வேண்டும். இரண்டு, வெள்ளை: முள்ளங்கி வில்லை. மூன்று, சிவப்பு: மிளகாய் எண்ணெய். நான்கு, பச்சை: கொத்தமல்லியும் பூண்டுத் தாளும். ஐந்து, மஞ்சள்: நூடுல்ஸ். இறைச்சி இந்த வரிசையிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். பல கடைகளில் மேலே மிதக்கும் நாலு வில்லையைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியும். கூடுதல் இறைச்சி வேண்டுமென்றால் கல்லாவிலேயே "ஜியா ழோ" என்று சொல்லித் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.

பெயர்ப்பலகை பற்றி ஒரு வார்த்தை. இந்த உணவு கான்சு மாகாணத் தலைநகரான லான்ஜோவின் ஹுய் முஸ்லிம்களுடையது. இன்றைய வடிவத்தை 1915-இல் மா பாவ்ட்ஸி என்பவர் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ஆனால் நாடெங்கும் "லான்ஜோ லா மியென்" (லா மியென் என்றால் இழுத்த நூடுல்ஸ்) என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது பக்கத்து மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் பகுதிக்காரர்கள். லான்ஜோ ஊர்க்காரரிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், "அதெல்லாம் எங்கள் நூடுல்ஸே இல்லை" என்று அரை மணி நேரம் பேசுவார். அவர் ஊரில் "லா மியென்" என்ற சொல்லே அவ்வளவாகக் கிடையாது, "நியோ ழோ மியென்" மட்டும்தான். வாசலில் "சிங் ஜென்" என்று எழுதியிருந்தால் அது ஹலால் கடை. அங்கே மதுவோ, வெளியில் வாங்கிய பன்றி இறைச்சிப் பொட்டலமோ கையில் எடுத்துக்கொண்டு போய் உட்காராதீர்கள். வாய் விட்டுச் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

மேசையில்

தனி மேசை கிடைக்காது. முன்பின் தெரியாதவர் எதிரே வந்து உட்காருவார், அல்லது நீங்கள் போய் உட்கார வேண்டும். பேச்சுக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. குச்சி மேசை மேலேயே டப்பாவில் இருக்கும். கைதுடைக்கும் காகிதம் சில இடங்களில் இருக்காது, இருந்தாலும் ஒரு யுவான் கேட்பார்கள். ஒரு பாக்கெட் பையில் வைத்திருங்கள்.

மேசையில் ஒரு கருப்புத் திரவம் இருக்கும். சோயா சாஸ் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள், அநேகமாக அது காடி, அதாவது வினிகர். முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றுவது நல்லது. பாதி கிண்ணம் வரை சாறை அப்படியே சாப்பிட்டுவிட்டு, அப்புறம் ஒரு சுற்றுக் காடி விட்டால் இரண்டாம் பாதி புதிதாகத் தெரியும். பக்கத்தில் தோலோடு பச்சைப் பூண்டும் கிடக்கலாம். அலங்காரத்துக்கு இல்லை, உரித்துக் கடித்துக்கொள்வதற்கு. பூண்டு இல்லாமல் நூடுல்ஸ் சாப்பிட்டால் பாதி மணம் போச்சு என்று வடக்கே ஒரு சொலவடையே உண்டு. மாலையில் யாரையும் பார்க்கப் போவதில்லை என்றால் முயன்று பாருங்கள்.

உறிஞ்சும் சத்தம் வரட்டும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீளமாக இருந்தால் பாதியில் கடித்து மிச்சத்தைக் கிண்ணத்தில் விடுவதும் சகஜம். கரண்டி தரவில்லையென்றால் கிண்ணத்தை இரண்டு கையால் தூக்கிக் குடிக்கலாம். ஒன்றே ஒன்று செய்யக் கூடாது: குச்சிகளைக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவதுபோல் இருக்கும் என்பதால் அதை அபசகுனமாகப் பார்க்கிறார்கள். கிண்ணத்தின் விளிம்பில் படுக்க வையுங்கள்.

பசி அடங்கவில்லையா? "ஜியா மியென்" என்றால் கூடுதல் நூடுல்ஸ். சாறு மிச்சம் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பல கடைகளில் இலவசம், சிலவற்றில் ஓரிரு யுவான். குடிக்க ஐஸ் தண்ணீர் வராது, சுடுநீர் வரும். அல்லது "மியென் தாங்", நூடுல்ஸ் வெந்த தண்ணீர், கேட்டால் சும்மாவே தருவார்கள். உலர் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு இதைக் குடித்தால் வயிறு லேசாகும் என்பது வடக்கத்தியர் நம்பிக்கை. சுவை என்று பெரிதாக ஒன்றுமில்லை, குளிர்காலத்தில் கைக்கு இதம்.

இறைச்சி விஷயத்தில் கவனிக்க வேண்டியது

இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: பட்டியலில் வெறுமனே "ழோ" என்று இருந்தால் அது பன்றி இறைச்சி. மாடு என்றால் "நியோ ழோ", ஆடு என்றால் "யாங் ழோ", கோழி என்றால் "ஜி ழோ" என்று முன்னால் பெயர் சேரும். எதுவும் சேராத இறைச்சி பன்றிதான். ஹலால் கடையில் இந்தக் கவலை இல்லை, மற்ற கடைகளில் எப்போதும் உண்டு.

சைவர்களுக்கு நிலைமை கொஞ்சம் கஷ்டம். "ஸூ மியென்" என்று கேட்டால் இறைச்சித் துண்டு இல்லாமல் தருவார்கள், ஆனால் சாறு அதே எலும்புச் சாறாக இருக்கலாம். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் துண்டு இல்லாவிட்டால் இறைச்சி இல்லை. முட்டை சாப்பிடுபவர்கள் தக்காளி முட்டை நூடுல்ஸ் கேட்கலாம், அதிலும் சாறு பற்றி விசாரிக்க வேண்டும். முழுச் சைவம் என்றால் புத்த கோயில்களை ஒட்டி இருக்கும் சைவ உணவகங்களைத் தேடிப் போவதே மேல். "எலும்புச் சாறு, இறைச்சி, மீன் எதுவும் சேர்க்கக் கூடாது" என்று ஒரு வரியைத் தெரிந்தவரிடம் சீனத்தில் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொண்டால், சைகை காட்டித் தோற்பதைவிட நல்லது. நிலக்கடலையோ எள்ளோ ஒவ்வாதவர்களும் அதேபோல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், காரணம் கீழே வருகிறது.

லான்ஜோ கடை பழகிய பிறகு

நாலைந்து தடவை போனதும் மற்ற கடைகள் பக்கம் தைரியம் வரும். அடுத்ததாக நான் சொல்வது ஃபுஜியன் மாகாணத்து ஷா ஷியென் கடைகள். அவையும் எங்கும் இருக்கும், லான்ஜோ கடையைவிட மலிவாகவும் கிடைக்கும். நிலக்கடலை விழுதில் பிரட்டிய "பான் மியென்" ஒரு தட்டு, மெல்லிய தோல் வைத்த கொழுக்கட்டைச் சூப் ஒரு கிண்ணம், இதுதான் அங்கே வழக்கமான ஜோடி. உள்ளே இருப்பது பன்றி. வூஹானில் காலையில் "ழ கான் மியென்" கிடைக்கும், சாறு கிடையாது, எள் விழுது பூசியது. வந்த உடனே அடியோடு புரட்டிக் கிளறாவிட்டால் கட்டிபட்டுவிடும். ஷான்ஷி மாகாணத்து "தாவ் ஷியாவ் மியென்" கடையில் மாவுக்கட்டியைக் கையில் ஏந்தி, கத்தியால் சீவிச் சீவிக் கொதிநீரில் பறக்க விடுவார்கள்.

சோங்சிங் நகரத்து "ஷியாவ் மியென்" கடைக்கு மட்டும் தனியாகத் தயார் செய்துகொள்ளுங்கள். அங்கே அளவைக் கிண்ணத்தில் சொல்வதில்லை, எடையில் சொல்கிறார்கள். ஒரு லியாங் என்பது 50 கிராம். "அர் லியாங்" என்றால் 100 கிராம் நூடுல்ஸ், சாதாரண ஆளுக்குச் சரி. "ஸான் லியாங்" நல்ல பசிக்கு. காரமும் வேறு ரகம்: மிளகாயின் எரிச்சலோடு, "ஹுவா ஜியாவ்" என்ற சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போக வைக்கும். "நாங்கள் சாப்பிடாத காரமா" என்று மார்தட்டிப் போனவர்கள், உதடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். "வெய் லா", அதாவது லேசான காரம் என்று கேளுங்கள். அந்த ஊரில் லேசான காரமும் சிவப்பாகத்தான் வரும்.

சாப்பிட்டு முடித்ததும் டிப்ஸ் வைக்க வேண்டாம், மேசையில் விட்டுப்போன காசை மறந்துவிட்டதாக நினைத்துத் தெருவரை துரத்தி வந்து கொடுப்பார்கள். காலிக் கிண்ணம் மேசையிலேயே இருக்கலாம். மூலையில் தட்டுகள் அடுக்கும் வண்டி இருந்து, மற்றவர்கள் அதில் கொண்டுபோய் வைத்தால் நீங்களும் வையுங்கள். வாசலைத் தாண்டும்போது கல்லாவிலிருந்து "மான் ட்ஸோ" என்று குரல் வரும். நேர் அர்த்தம், மெதுவாக நடங்கள். எதையோ மறந்துவிட்டோமா என்று நின்று திரும்ப வேண்டியதில்லை, நாம் "போய்ட்டு வாங்க" என்று சொல்வது மாதிரிதான்.